முதலிடத்தில் எந்த மருத்துவமனையை எழுதுவது?

கேள்வி: நானும் என் கணவரும் தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள். இந்த ஆண்டு அமெரிக்காவில் ரெசிடென்சி எனும் முதுநிலை மருத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். எனக்கு இன்டர்னல் மெடிசினில் (பொது மருத்துவம்) ஆறு நேர்காணல்களும், அவருக்குக் குழந்தை மருத்துவத்தில் நான்கும் முடிந்துள்ளன. இனி அந்த மருத்துவமனைகளை விருப்ப வரிசையில் எழுதிப் பட்டியல் தர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை. ஆனால், நியூ ஜெர்சியில் இருக்கும் என் பெரியப்பா, “அதை முதலில் எழுதினால் உன் முதலிடம் வீணாகிவிடும், அவர்கள் உன்னை எடுக்காமல் விடுவதற்குள், நீ இரண்டாவதாக எழுதிய மருத்துவமனை தன்னை முதலில் எழுதியவர்களைக் கொண்டு நிரம்பிவிடும், அன்பாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கும் அந்தச் சிறிய மருத்துவமனையையே முதலில் போடு” என்கிறார். அவர் சொல்வது சரியா? நாங்கள் தம்பதியராகச் சேர்ந்து பட்டியல் தர வேண்டுமா, தனித்தனியாகவா? இடம் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன?

பதில்:

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் பெரியப்பா அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வது தவறு. உங்களுக்கு உண்மையிலேயே எந்த இடம் மிகவும் பிடித்திருக்கிறதோ அதை முதலிலும், அதற்கடுத்துப் பிடித்ததை இரண்டாவதாகவும் என்று, கடைசிவரை உங்கள் விருப்பத்தின் வரிசையிலேயே எழுதுங்கள். எந்த மருத்துவமனை உங்களை எடுக்கும், எது எடுக்காது என்ற ஊகத்துக்கு அந்தப் பட்டியலில் ஓர் இடமும் கொடுக்க வேண்டாம். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் தேர்வுக் குழுவில் இருந்து பட்டியலின் மறுபக்கத்தைப் பார்த்துவரும் எனக்கு ஒவ்வொரு பிப்ரவரியிலும் இதே கேள்வி வருகிறது. “அப்படியே செய்யுங்கள்” என்று ஒரு வரியில் பதில் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால், அது ஏன் அப்படி என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம்மூரில் படித்தவர்களுக்கு இதில் ஏற்படும் குழப்பத்துக்குப் பெரும்பகுதி காரணம், நீட் முதுநிலைக் கலந்தாய்வில் நாம் பழகியிருப்பதுதான். அங்கே உங்கள் தரவரிசை எண் ஒன்றே எல்லாக் கல்லூரிகளுக்கும் பொருந்தும். உங்களுக்கு முன்னால் இருப்பவர் எடுத்தது போக மிஞ்சியதில்தான் உங்கள் தேர்வு. அமெரிக்காவின் தேசிய ரெசிடென்ட் மேட்சிங் புரோகிராம் நடத்தும் ‘மேட்ச்’ எனும் இடப் பொருத்தத்தில் அப்படிப்பட்ட பொதுத் தரவரிசை எதுவும் கிடையாது. ஒவ்வொரு மருத்துவமனையின் பயிற்சித் திட்டமும் தான் நேர்காணல் செய்தவர்களைத் தனக்கு வேண்டிய வரிசையில் எழுதித் தருகிறது. ஒவ்வொரு விண்ணப்பதாரரும் தான் சென்றுவந்த திட்டங்களைத் தனக்கு வேண்டிய வரிசையில் எழுதித் தருகிறார். ஒரு மருத்துவமனையின் பட்டியலில் மூன்றாவதாக இருப்பவர் இன்னொன்றின் பட்டியலில் முப்பதாவதாக இருக்கலாம். நீங்கள் அவர்களை எந்த இடத்தில் எழுதினீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் உங்களை எந்த இடத்தில் எழுதினார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது. இரண்டு தரப்பின் பட்டியல்களையும் கணினி சேர்த்துப் பொருத்துகிறது.

பொருத்தும் முறையை மூன்று பேர், மூன்று மருத்துவமனைகள், ஒவ்வொன்றிலும் ஓர் இடம் என்று வைத்துக்கொண்டு பார்த்துவிடலாம். மருத்துவமனைகளுக்கு க, ச, த என்று பெயர் கொடுப்போம். உங்கள் விருப்பம் க, பிறகு ச, பிறகு த. இரண்டாமவர் எழுதியிருப்பது ச, க, த. மூன்றாமவர் எழுதியிருப்பது க, த, ச. மருத்துவமனைகளின் பக்கம், க தன் பட்டியலில் மூன்றாமவரை முதலிலும், இரண்டாமவரை அடுத்தும், உங்களைக் கடைசியிலும் வைத்திருக்கிறது. ச உங்களை முதலிலும் இரண்டாமவரை அடுத்தும் வைத்திருக்கிறது. த மூவரையும் எழுதியிருக்கிறது. கணினி முதலில் உங்களை எடுத்துக் க-விடம் கொண்டுபோகிறது. இடம் காலியாக இருப்பதால் உங்களைத் தற்காலிகமாக அங்கே வைக்கிறது. இரண்டாமவர் ச-வில் தற்காலிகமாக அமர்கிறார். மூன்றாமவர் க-வுக்கு வருகிறார். க-வுக்கு உங்களைவிட அவர்மேல் விருப்பம் அதிகம் என்பதால் நீங்கள் வெளியே வந்துவிடுகிறீர்கள். இப்போது கணினி உங்களை உங்கள் இரண்டாவது விருப்பமான ச-விடம் அழைத்துச் செல்கிறது. அங்கே ஏற்கெனவே இரண்டாமவர் இருக்கிறார். அவர் ச-வை முதலில் எழுதியவர். நீங்களோ அதை இரண்டாவதாக எழுதியவர். இருந்தும் ச உங்களைத்தான் மேலே வைத்திருக்கிறது என்பதால் அவர் எழுந்துகொள்ள, நீங்கள் அமர்கிறீர்கள். அவர் க-வுக்குப் போய், அங்கே மூன்றாமவரைவிடக் கீழே இருப்பதால் மறுக்கப்பட்டு, த-வில் இடம் பெறுகிறார். யாரும் நகர வேண்டிய தேவை இல்லாதபோதுதான் எல்லாத் தற்காலிக இடங்களும் ஒரே நேரத்தில் உறுதியாகின்றன.

பெரியப்பாவின் அச்சம் எந்த இடத்தில் பிழையாகிறது என்பது இதிலேயே இருக்கிறது. நீங்கள் க-வில் காத்திருந்த நேரத்தில் ச நிரம்பியது உண்மைதான். ஆனால் அது தற்காலிகமாகத்தான் நிரம்பியது. நீங்கள் தாமதமாகப் போனதால் எதையும் இழக்கவில்லை. ச-வை முதலிலேயே எழுதியிருந்தாலும் உங்களுக்கு அதே ச-தான் கிடைத்திருக்கும். ஒருவேளை க உங்களை எடுக்கும் நிலையில் இருந்திருந்தால், அந்த வாய்ப்பை நீங்களே தூக்கி எறிந்ததாகியிருக்கும். அடைய முடியாத இடத்தை முதலில் எழுதுவதால் தண்டனை இல்லை. அடையக்கூடிய இடத்தை முதலில் எழுதுவதால் பரிசும் இல்லை.

ஒன்று சொன்னால் உங்கள் பெரியப்பாவுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்: அவர் சொல்கிற ஆபத்து கற்பனையல்ல, ஒரு காலத்தில் அது உண்மையாகவே இந்த முறைக்குள் நுழையப் பார்த்தது. 1940-களில் அமெரிக்க மருத்துவமனைகள் நல்ல மாணவர்களைப் பிடிக்க ஒன்றையொன்று முந்திக்கொண்டு, படிப்பு முடிய இரண்டாண்டு இருக்கும்போதே இன்டர்ன்ஷிப் இடங்களைக் கொடுக்கத் தொடங்கியிருந்தன. இதைத் தடுக்க 1945-இல், குறிப்பிட்ட நாளுக்கு முன்னால் மாணவர்களின் மதிப்பெண் விவரங்களையும் பரிந்துரைக் கடிதங்களையும் வெளியிடுவதில்லை என்று மருத்துவக் கல்லூரிகள் முடிவெடுத்தன. அதன்பின் சிக்கல் வேறிடத்துக்கு நகர்ந்தது. மருத்துவமனை தந்த அழைப்புக்குப் பதில் சொல்ல முதலில் பத்து நாள் அவகாசம் இருந்தது. அது ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, 1950-ஐ நெருங்கியபோது 12 மணி நேரம்கூட அதிகம் என்று மருத்துவமனைகள் சொல்லும் நிலை வந்தது. தொலைபேசியில் அழைத்து உடனே பதில் கேட்கப்பட்ட மாணவர், தான் அதிகம் விரும்பிய இடத்திலிருந்து அழைப்பு வருமா என்பது தெரியாமலேயே சம்மதிக்க வேண்டியிருந்தது. இந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் எல்லாரிடமும் பட்டியல் வாங்கி ஒரே நாளில் பொருத்தலாம் என்று ஏற்பாடு செய்தார்கள்.

முதலில் சோதித்துப் பார்த்த முறையில், ஒருவரையொருவர் முதலிடத்தில் எழுதிய மாணவரையும் மருத்துவமனையையும் முதலில் இணைத்துவிட்டு, அதன்பிறகே மற்றவர்களுக்கு வந்தார்கள். அந்த முறையில், கைக்கெட்டாத ஓர் இடத்தை முதலாவதாக எழுதிய மாணவர் அதற்கு விலை கொடுக்க நேரிடும். பெரியப்பா சொல்கிற அதே காரணத்தால்தான். இதைக் கண்டுபிடித்து எதிர்த்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர், மாணவர்கள். அப்போது ஹார்வர்டு மருத்துவ மாணவராக இருந்து, பின்னாளில் பெயர்பெற்ற குழந்தை அறுவை மருத்துவரான ஹார்டி ஹென்ட்ரன் முன்னின்ற மாணவர் குழு 1951-இல் எதிர்ப்புத் தெரிவிக்க, முறை மாற்றப்பட்டு, 1952-இல் முதல் மேட்ச் நடந்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து, 1962-இல், டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள், இந்த மேட்சைப் பற்றி அறியாமலேயே, நிலையான பொருத்தம் (இப்போதைய இணையைவிட ஒருவரையொருவர் அதிகம் விரும்பும் இருவர் பிரிந்து நிற்காத பொருத்தம்) என்பதற்கான கணிதத்தை எழுதினார்கள். நடைமுறையில் இருந்த மேட்சும் அந்தக் கணிதமும் அடிப்படையில் ஒன்றே என்று 1984-இல் காட்டியவர் ஆல்வின் ராத். பொருத்தம் அதுவரை மருத்துவமனைகளின் பக்கத்திலிருந்து தொடங்கியதால், நுட்பமாகப் பார்த்தால் சாய்வு அவர்கள் பக்கமே இருந்தது. ராத்தும் எலியட் பெரான்சனும் திருத்தி அமைத்த முறை, விண்ணப்பதாரரின் பக்கத்திலிருந்து தொடங்கும்படி 1998 மேட்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. இந்த மாற்றத்தால் வேறு இடம் பெறக்கூடியவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான் என்று அவர்களே கணக்கிட்டும் இருந்தார்கள். ராத்துக்கும் ஷேப்லிக்கும் 2012-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. தனியாக விண்ணப்பிக்கும் ஒருவர் தன் உண்மையான விருப்ப வரிசையை மறைப்பதால் எந்த நன்மையும் பெற முடியாது என்பது, இப்போதைய முறையில் நிரூபிக்கப்பட்ட கணித முடிவு. மேட்ச் அலுவலகம் தரும் அறிவுரை மட்டும் அல்ல.

சிறிய மருத்துவமனையிலிருந்து வந்த அந்த அன்பான மின்னஞ்சலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். “உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி, எங்கள் திட்டத்துக்கு நீங்கள் மிகவும் பொருத்தமானவர்” என்று எழுதுவதில் பொய் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வாசகம் எத்தனை பேருக்குப் போனது என்பதை உங்களால் அறிய முடியாது. அது வாக்குறுதியும் அல்ல. உங்கள் பட்டியலில் தாங்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று மருத்துவமனை உங்களிடம் கேட்பதும், வேறு எங்கெல்லாம் நேர்காணலுக்குப் போனீர்கள் என்று விசாரிப்பதும் மேட்ச் விதிகளுக்கு முரணானவை. நீங்களாக விரும்பினால், “உங்களைத்தான் முதலில் எழுதப்போகிறேன்” என்று உங்கள் முதல் விருப்பத்துக்கு ஒரு கடிதம் அனுப்பலாம். அதை ஒரே ஓர் இடத்துக்கு, உண்மையாக மட்டும் அனுப்புங்கள். இரண்டு இடங்களுக்கு அனுப்பியவர்களைப் பற்றித் துறைகள் தமக்குள் பேசிக்கொள்வது உண்டு. எங்கள் குழுக்கூட்டத்தில் அப்படிப்பட்ட கடிதம் ஒருவரைச் சில இடங்கள் மேலே ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பல மணி நேரம் நீளும் அந்தக் கூட்டத்தில் பேச்சு பெரும்பாலும் நேர்காணலில் நீங்கள் எப்படிப் பேசினீர்கள், பரிந்துரைக் கடிதங்கள் குறிப்பாக எதைச் சொல்கின்றன, நோயாளியைப் பற்றிய கேள்விக்கு எப்படிச் சிந்தித்தீர்கள் என்பவற்றைச் சுற்றித்தான் நடக்கும்.

ஆகவே, சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டிய கட்டம் உங்களுக்குக் கடந்துவிட்டது. எங்கே விண்ணப்பிப்பது, எப்படித் தயாராவது என்பதில்தான் அது தேவைப்பட்டது. இப்போது தேவைப்படுவது, ஆறு இடங்களில் எது உங்களுக்கு உண்மையில் வேண்டும் என்ற தெளிவு. அது நினைப்பதைவிடக் கடினமான வேலை. பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். மூன்று ஆண்டுகள் நீங்கள் வாரத்துக்கு 80 மணி நேரம் வரை அங்கேதான் இருக்கப்போகிறீர்கள். நான்கு வாரச் சராசரியில் அதற்கு மேல் போகக் கூடாது என்பது அங்கீகார அமைப்பின் விதி. மூன்றாம் ஆண்டில் இருக்கும் ரெசிடென்ட்டுகளிடம் பேசுங்கள். முதலாண்டினருக்கு இன்னும் களைப்பு மட்டுமே தெரியும், மூன்றாம் ஆண்டினருக்குத்தான் அந்த இடம் தங்களை என்னவாக்கியது என்று சொல்லத் தெரியும். அவர்களில் எத்தனை பேர் விரும்பிய ஃபெலோஷிப்புக்கு (ரெசிடென்சிக்குப் பின் உட்பிரிவுத் துறைப் பயிற்சி) போனார்கள், நிபுணர் தகுதிக்கான போர்டு தேர்வில் தேர்ச்சி எப்படி, அந்த மருத்துவமனையிலேயே இதயவியல், சிறுநீரகவியல் போன்ற ஃபெலோஷிப்புகள் உண்டா என்று கேளுங்கள். பெயரில்லாத சமூக மருத்துவமனை என்று நம்மவர்கள் ஒதுக்கும் சில இடங்களில், நோயாளியை நேரடியாகப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு முதல் மாதத்திலிருந்தே கிடைக்கிறது. நம்மூரில் ஹவுஸ் சர்ஜனாக வார்டில் ஓடிப் பழகிய கைகளுக்கு அது பெரிதும் ஒத்துப்போகும். பல்கலைக்கழக மருத்துவமனையே உங்களுக்குப் பிடித்தது என்றால் அதில் தவறில்லை. ஏன் பிடித்தது என்பதை ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

விசாவையும் இந்தக் கணக்கில் சேருங்கள். பெரும்பாலான இடங்கள் ஜே-1 எனும் பரிமாற்றப் பயிற்சி விசாவில் எடுக்கின்றன. அதில் வந்தால் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதிலிருந்து விலக்குப் பெற, மருத்துவர்கள் குறைவாக உள்ள பகுதியில் மூன்று ஆண்டு பணியாற்றும் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 பேருக்கு அதைப் பரிந்துரைக்கலாம். எச்-1பி எனும் வேலை விசா தரும் இடமானால், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3-ஐ முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு 2025 செப்டம்பரில் வந்திருப்பதால், நேர்காணலின்போது எச்-1பி உண்டு என்று சொன்ன மருத்துவமனை இன்றும் அதைச் சொல்கிறதா என்று பட்டியலை முடிக்கும் முன் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போக மாட்டீர்களோ அதை எழுதாதீர்கள். மேட்சில் கிடைத்த இடம் வெறும் அழைப்பு அல்ல; இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். மேட்ச் அலுவலகத்திடம் முறைப்படி விலக்குப் பெறாமல் சேராமல் விட்டாலோ, சேர்ந்து 45 நாளுக்குள் விலகினாலோ அது விதிமீறல். அடுத்த மேட்ச்களில் பங்கேற்கவே தடை வரலாம். சம்பளமும் பேரம் பேசக்கூடியதல்ல. இப்படி ஒரே நாளில் எல்லாரையும் கட்டிப்போடுவது போட்டிக்கு விரோதமான கூட்டுச்சதி என்று 2002-இல் சில மருத்துவர்கள் வழக்கே தொடுத்தார்கள். 2004-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மேட்சுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்துவிட, வழக்கு தள்ளுபடியானது. அந்த மருத்துவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் 12 மணி நேரத் தொலைபேசிக் காலத்துக்குத் திரும்ப யாரும் விரும்ப மாட்டார்கள். அதேநேரம், போகச் சம்மதமுள்ள எந்த இடத்தையும், கடைசி இடத்தில்கூட எழுதாமல் விட்டுவிடாதீர்கள். பட்டியலைச் சுருக்குவதால் மேலே உள்ள இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடாது. எங்குமே கிடைக்காமல் போகும் வாய்ப்புதான் கூடும்.

இனி உங்கள் இருவரின் விஷயம். 1980-களிலிருந்து மேட்சில் இருவர் தம்மை இணைத்துக்கொண்டு பட்டியல் தரும் வசதி இருக்கிறது. அப்படி இணைந்தால் உங்கள் பட்டியலின் முதல் வரியும் அவருடைய முதல் வரியும் ஒரே இணை. இரண்டாவது வரியும் இரண்டாவது வரியும் இன்னோர் இணை. இரண்டு பட்டியல்களிலும் வரிகளின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணினி மேலிருந்து கீழே வந்து, இருவருக்கும் ஒருசேர இடம் கிடைக்கும் முதல் வரியில் நிற்கும். உங்கள் ஆறு, அவருடைய நான்கு என்றால் 24 இணைகள் ஆகின்றன. இதோடு, “எனக்கு இந்த இடம், அவருக்கு இடமில்லை” என்று ஆறு வரிகளும், “அவருக்கு இந்த இடம், எனக்கு இல்லை” என்று நான்கு வரிகளும் சேர்க்கலாம், மொத்தம் 34. கடைசிப் பத்து வரிகளைப் பலர் மனம் ஒப்பாமல் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அதன் விளைவைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்: இணைப் பட்டியலில் எந்த வரியும் அமையாவிட்டால், கணினி உங்களைத் தனித்தனியாக எடுத்து மறுபடி முயலாது. தனியாகப் போயிருந்தால் உங்களில் ஒருவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடமும் சேர்ந்தே போய்விடும்.

தனியாக விண்ணப்பிப்பவருக்கு இருக்கும் கணித உறுதி தம்பதியருக்கு முழுமையாக இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இணைகள் வரும்போது எல்லாருக்கும் நிலையான பொருத்தம் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்ற விதி இல்லை. ஆனால் ராத்தும் பெரான்சனும் உண்மையான ஆண்டுப் பட்டியல்களை எடுத்து ஓட்டிப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் பொருத்தம் கிடைத்தது. விருப்பத்தை மாற்றி எழுதி லாபம் அடையும் வழி எதையும் நான் அறியேன். எனவே இங்கேயும் உண்மை வரிசையே நல்லது.

இணைந்து போகலாமா என்பதற்கு என் பதில், ஆம். நீங்கள் தனித்தனியாகப் பட்டியல் கொடுத்தால், ஒருவர் டெட்ராய்ட்டிலும் ஒருவர் ஹூஸ்டனிலும் மூன்று ஆண்டு இருக்கும் முடிவைக் கணினியிடம் ஒப்படைக்கிறீர்கள். அதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி எடுப்பதே முறை. பட்டியலின் மேல்பகுதி எளிது: ஒரே நகரம், அல்லது காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய இரண்டு நகரங்கள். நடுப்பகுதிதான் கணவன் மனைவிக்குள் உண்மையான பேச்சைக் கேட்கும் இடம். இருவருக்கும் இடம், ஆனால் விமானத்தில்தான் சந்திக்க முடியும் என்பது மேலா, அல்லது ஒருவருக்கு மட்டும் இடம், மற்றவர் ஜே-2 எனும் துணைவர் விசாவில் கூட வந்து அடுத்த ஆண்டு மறுபடி முயல்வது மேலா? இதில் நான் சொல்வதற்கு எதுவும் இல்லை. பெரியப்பா சொல்வதற்கும் இல்லை. ஒன்றைமட்டும் கவனியுங்கள்: “ஒருவருக்கு மட்டும்” என்ற வரிகளில் உங்கள் ஆறும் மேலே, அவருடைய நான்கும் கீழே என்றோ, அதற்கு நேர்மாறாகவோ எழுதுவது, யாருடைய தொழில் ஓராண்டு காத்திருக்கலாம் என்ற தீர்மானம். அதைப் பேசாமலே பழக்கத்தால் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால், மேட்ச் முறை நியாயமானது என்பதால் இடங்கள் பெருகிவிடுவதில்லை. 2025 மேட்சில், அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளில் முதலாண்டு இடம் பெற்றவர்கள் நூற்றுக்கு 58 பேர், அமெரிக்க எம்.டி. (அங்கே அது நம் எம்.பி.பி.எஸ். போன்ற அடிப்படைப் பட்டம்) கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் நூற்றுக்கு 93-க்கும் மேல். மார்ச் மூன்றாவது வாரத்தில் திங்கட்கிழமை, இடம் கிடைத்ததா இல்லையா என்பது மட்டும் மின்னஞ்சலில் வரும். எங்கே என்பது வெள்ளிக்கிழமை அங்கே நண்பகல், நம்மூரில் இரவு 9.30-க்குத் தெரியும். திங்களன்று “இல்லை” என்று வந்தால், அந்த வாரத்திலேயே சோப் என்று சொல்லப்படும் துணைச் சுற்று தொடங்கிவிடும். நிரம்பாத இடங்களின் பட்டியலைப் பார்த்து 45 திட்டங்களுக்கு வரை விண்ணப்பிக்கலாம்; வியாழக்கிழமை சுற்றுச் சுற்றாக அழைப்புகள் வரும்; ஏற்றால் அதுவும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே. அந்த நாட்களில் மருத்துவமனை உங்களைத் தொடர்புகொள்ளும்வரை நீங்களோ, உங்களுக்காக வேறு யாருமோ அதைத் தொடர்புகொள்ளக் கூடாது; பெரியப்பா உட்பட. விசா தேவைப்படும் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு அந்தச் சுற்றில் வழி குறுகியது. இருந்தாலும், அதற்கான தன்விளக்கக் கட்டுரையையும் குடும்ப மருத்துவம் போன்ற மாற்றுத் துறைக்கான ஒரு பரிந்துரைக் கடிதத்தையும் இப்போதே தயாராக வைத்திருப்பது நல்லது. திங்கட்கிழமை இரவு எழுத உட்கார்ந்தால் எழுத வராது.

இந்தக் கட்டத்தில்தான் “மேட்சுக்கு வெளியே இடம் வாங்கித் தருகிறோம்” என்று சிலர் அழைப்பார்கள். மேட்சில் பங்கேற்கும் ஒரு திட்டம் பொதுவாகத் தன் இடங்கள் அனைத்தையும் மேட்ச் வழியாகவே நிரப்ப வேண்டும் என்பது 2013 முதல் விதி. அதற்கு முன் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குத் தனி ஒப்பந்தம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதைக் கேள்விப்பட்டவர்கள்தான் இந்த வலையில் விழுகிறார்கள். பணத்துக்கு ரெசிடென்சி இடம் என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இடம் அமையாத ஆண்டை நோயாளிகளைப் பார்க்கும் வேலையில் கழித்தவர்களையும், எச்-1பி-க்கு ஆகட்டும் என்று ஸ்டெப் 3 முடித்தவர்களையும் எங்கள் குழு மறுபடி பார்க்கும்போது மதிப்போடு பார்க்கிறது. படிப்பு முடிந்து ஆண்டுகள் கூடக்கூட வாய்ப்பு குறைகிறது என்பதும் உண்மை; ஆகவே நீட் முதுநிலைத் தேர்வை ஒரு பக்கம் திறந்தே வைத்திருப்பதை நான் கோழைத்தனம் என்று நினைக்கவில்லை.

கடைசியாகச் சில நடைமுறைகள். பட்டியலை எழுதிச் சேமித்தால் மட்டும் போதாது; சான்றளிக்கும் பொத்தானை அழுத்தினால்தான் அது மேட்சில் சேரும். பிறகு மாற்றம் செய்தால் மறுபடியும் சான்றளிக்க வேண்டும். இருவரும் தனித்தனியே அதைச் செய்ய வேண்டும். வரிசை மாறாமல் இணை இணையாக நிற்கிறதா என்று இரண்டு திரைகளையும் பக்கத்தில் வைத்து ஒருவர் படிக்க ஒருவர் சரிபாருங்கள். கடந்த சில ஆண்டுகளாகக் கெடு அமெரிக்கக் கிழக்கு நேரம் புதன் இரவு 9 மணி. இந்தியாவில் அது வியாழன் காலை 7.30. அதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். இடம் உறுதியானதும் ஜே-1 விசாவுக்கு மத்திய சுகாதார அமைச்சகத்திடமிருந்து தேவைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். பணி பெரும்பாலும் ஜூலை 1-இல் தொடங்கும், அறிமுக வகுப்புகள் ஜூனிலேயே வந்துவிடும் என்பதால், அதற்கு வேண்டிய ஆவணங்களின் நகல்களை இந்த மாதமே எடுத்துச் சான்றொப்பம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.